கள்ளியைத் தின்ற பூச்சியும் என் பருத்திக் காவலும்

எங்கள் தோட்டத்துக்கு நாலு பக்கமும் சப்பாத்திக்கள்ளிதான் வேலி. அதை யாரும் நட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு, நாங்கள் உழுதுகொள்ள நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஆள் உயரம் இருக்கும். உள்ளே பாம்பும் இருந்தது, கீரியும் இருந்தது. இரண்டும் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பது எனக்குத் தெரியாது. ஆடோ மாடோ அழையாத விருந்தாளியோ அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இதை நான் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன்.

ஊரில் எல்லோரும் கள்ளியை வைதார்கள். புறம்போக்கை விழுங்கி, வண்டித்தடத்தை விழுங்கி, கடைசியில் சுடுகாட்டு வழியையும் விழுங்கிவிட்டது. வெட்டிப் போட்டால் துண்டுக்குத் துண்டு வேர் விட்டது. கொளுத்தினால் பச்சை மட்டை புகைந்ததே தவிர எரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது, புத்தி மட்டும் சாவகாசமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

மழை ஓய்ந்த கார்த்திகையில் புது முறைகளைச் செய்துகாட்டும் விவசாய இலாகா டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், தலையில் தொப்பி, சைக்கிளின் பின்னால் கோணிப்பை. பைக்குள் கள்ளி மட்டைகள். கள்ளியில் முழுகிக் கிடக்கும் ஊருக்கு வெளியூரிலிருந்து கள்ளி கொண்டுவந்த மனிதரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு மட்டையைத் திருப்பிக் காட்டினார். பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல வெள்ளைப் பொட்டுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார்; ரத்தம்போலச் சிவப்பு வந்தது.

"பூச்சி. சிலோனிலிருந்து வந்தது. ஆராய்ச்சிப் பண்ணையிலே வளர்த்துப் பெருக்கியிருக்காங்க. கள்ளியை மட்டும்தான் தின்னும், வேற எதையும் தொடாது. ஒரு மட்டையை உங்க கள்ளி மேலே சார்த்தி வச்சாப் போதும். மிச்சத்தை அது பாத்துக்கும்."

எனக்கு ஊரில் வாயாடி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றும் கடமை எனக்கு இருந்தது. வீட்டிலிருந்து முறம் வாங்கி, மஞ்சள் துணி விரித்து, பூச்சி மட்டையை அதில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டேன். "மருமவ வாரா, வழி உடுங்க!" என்று கூவிக்கொண்டு வண்டித்தடத்தில் நடந்தேன். ஊரே பின்னால் வந்தது. டிமான்ஸ்ட்ரேட்டரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம். புறம்போக்கில் பாதி மட்டைகளை வைத்தோம். மருமகள் எங்கள் வீட்டுக்கும் வரவேண்டாமா? மிச்சத்தை என் மேற்கு வேலியில் நானே வைத்தேன்.

மேற்கு வேலிக்கு அந்தப்புறம் என் மச்சானின் மேய்ச்சல் காடு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவருக்கு மேச்சேரி ஆடுகள் ஒரு பட்டி நிறைய உண்டு. பேச்சு மட்டும் குறைவு. அன்று ஊர்வலம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு பல் குச்சியை மென்றுகொண்டே என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் மாப்ள, கள்ளி தீந்து போச்சுன்னா அப்பறம் அது என்னத்தத் திங்கும்?"

அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கேள்வி என்னுடனேயே தங்கிவிட்டது.

அந்த வருஷம் நான் தோட்டம் முழுவதும் பருத்தி போட்டிருந்தேன். ஆராய்ச்சிப் பண்ணையில் தேர்ந்தெடுத்த புது ரக விதை. "ஒரு மூலையிலயாச்சும் ராகி போடுங்க. பருத்தியக் கிண்டிக் களி பண்ண முடியாதுங்க" என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். பருத்தி வந்தால் ராகியை மூட்டை மூட்டையாக வாங்கலாம் என்று நான் வாய்வீரம் பேசினேன். பருத்தி போனால் வீட்டில் களிக்கு மாவு இல்லை, மச்சான் வீட்டுத் தானியக் குதிருக்குத்தான் கை நீட்டவேண்டும். மச்சானோ ஏற்கெனவே நாலு பேர் நடுவில், "எங்க மாப்ளைக்கு வாயி ஏழூருக்குக் கேக்கும், வெள்ளாமை ஒரு வயித்துக்குக் காணாது" என்று சொல்லி வைத்திருந்தவர். அவர் வீட்டு ராகிக்கு வயிற்றைக் காட்டுவதைவிடப் பட்டினி மேல் என்று நான் நினைத்தேன். பட்டினி கிடந்து பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆகவே கேள்வி எனக்கு இப்படி வந்து நின்றது: கள்ளி தீர்ந்தால் பூச்சி பருத்திக்கு வருமா? வேறு எதையும் தொடாது என்று டிமான்ஸ்ட்ரேட்டர் சொன்னார்தான். ஆனால் பந்தியில் வடை தீர்ந்தால் நான் எழுந்து போவதில்லையே, பாயசத்துக்கு நகர்ந்துவிடுகிறேன். பூச்சி என்னைவிடக் கௌரவம் பார்க்கும் என்று எதை வைத்து நம்புவது?

தையில் மேற்கு வேலி வெளுத்தது. மாசியில் பருத்தி வெடித்தது. இங்கேதான் விதி என்னோடு விளையாடியது. பூச்சியும் வெள்ளை, பருத்தியும் வெள்ளை. வேலியில் தெரிவது பூச்சி, உழுத காட்டில் தெரிவது பருத்தி என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்தது, எனக்கு மட்டும் சந்தேகம். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தேன். விடிந்ததும் காட்டுக்குள் இறங்கி, வெடித்த காய் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பார்ப்பேன். அதிலும் திருப்தி வராமல் பஞ்சைக் கட்டைவிரலால் நசுக்கிச் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பேன். வராது. அடுத்த செடி.

பருத்தி எடுக்க வந்த பெண்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைத்திருக்காது.

"என்னுங்க சாமி, பருத்திக்குக் கண்ணு செரியில்லீங்களா?"

"கண்ணு செரியாத்தான் இருக்குது. காச்சலு அடிக்குதாம், நாடி பாக்கறாரு."

"பத்தியம் என்னன்னு கேளு புள்ளே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த காயை நசுக்கினேன். எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நன்றாக வரும்.

ஒருநாள் வெடிக்காத காய் ஒன்றைப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளிந்தது. சிவப்பு! எனக்குக் கையும் காலும் ஓடவில்லை; பிறகு கால் மட்டும்தான் ஓடியது. காயைச் சொம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சந்தைக்கு ஓடினேன். சந்தை நாளில் டிமான்ஸ்ட்ரேட்டர் புளியமரத்தடியில் விதைப் பைகளோடு உட்கார்ந்திருப்பார். எதிரில் வந்தவர்கள் சொம்பைப் பார்த்து மோர் என்று நினைத்துக் கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போனேன். என் வாழ்நாளில் பேசாமல் நடந்த நீண்ட தூரம் அதுதான்.

அவர் சொம்பை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது காய்ப்புழுங்க. பருத்தி இருக்கிற இடத்திலே இருக்கும். அந்தப் பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அது கள்ளியத் தின்னுபோட்டுப் பருத்திக்கு வராதுங்களா?"

"வராது."

"பசிச்சாலும்?"

"செத்தாலும்."

நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, "நீங்களே சோதிச்சுப் பாருங்களேன். பருத்திக் கிளை ஒண்ணிலே பூச்சிகளை விட்டு, மெல்லிசுத் துணியாலே மூடிக் கட்டி வையுங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றார். நான் திரும்பும்போது, "வேலிக்கு வேற ஏதாவது நட்டிருக்கீங்களா?" என்றும் கேட்டார். என் காதில் அது விழுந்தது; விழுந்த இடத்திலேயே கிடந்தது.

அன்றிலிருந்து நானும் ஆராய்ச்சிக்காரன். மனைவியின் பழைய சேலைத் துண்டைக் கேட்டு வாங்கி, கிழக்கு மூலையில் ஒரு செடியில் பூச்சிகளை விட்டு மூடிக் கட்டினேன். பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். கிணற்றடிக்கோ மேற்குப் பக்கத்துக்கோ போவதை விட்டேன். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது.

"ஏனுங்க, இன்னிக்காச்சும் எதாச்சும் தின்னுதுங்களா?" என்பாள் மனைவி, கலயத்தை வைத்துக்கொண்டே.

"இல்லை."

"நீங்களாச்சும் தின்னுங்க. ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா ஊட்டுக்கு ஆவாது."

பூச்சிகள் பருத்தியைத் தொடவேயில்லை. கிளையில் அங்குமிங்கும் ஊர்ந்தன, சுருங்கின, ஒவ்வொன்றாகத் துணிக்குள் உதிர்ந்தன. கடைசிப் பூச்சியும் உதிர்ந்தபோது எனக்கு அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது. இத்தனை இலைக்கு நடுவில், பிடித்தது கிடைக்கவில்லை என்பதற்காக உயிரை விட்டது. அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே கிளையை முடித்திருப்பேன்.

ஆராய்ச்சி முடிந்தது, பருத்தி பிழைத்தது. சந்தோஷத்தில் கட்டிலின்மேல் ஏறி நின்று காட்டை ஒருமுறை முழுவதும் பார்த்தேன். பங்குனி வெயிலில் காடே வெள்ளையாக இருந்தது. மேற்கே மட்டும் வெள்ளைக்கு நடுவில் சிவப்பாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு அல்ல, திட்டுத் திட்டாக. சிவப்பு நகர்ந்தது.

பூச்சி வந்துவிட்டது, அதுவும் வளர்ந்து வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் ஒரு சிவப்பு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "ம்மே" என்றது. வாயில் பருத்திக் காய்.

மச்சானின் ஆடுகள். மேச்சேரி ஆடு செவலை நிறம். அது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மேற்கு வேலியைப் பார்த்தேன். வேலி என்று ஒன்று அங்கே இல்லை. டிமான்ஸ்ட்ரேட்டர் சொன்னபடியே என் மருமகள் கள்ளியைத் தின்று முடித்திருந்தாள். மட்டைகள் அழுகி, வற்றி, காய்ந்த அப்பளம்போலத் தரையில் கிடந்தன. அதன்மேல் ஆடுகள் சௌகரியமாக நடந்து வந்திருந்தன. பூச்சி என் பருத்தியைத் தின்கிறதா என்று காவல் காத்த நான், அது தின்னவேண்டியதைத் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

நானும் பருத்தி எடுக்கும் பெண்களும் ஆடுகளை விரட்டி முடித்தபோது மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மேற்குப் பாத்திகளில் குச்சிகள் மட்டும் நின்றன. அவர் குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"அதென்ன கையில?"

"பூதக்கண்ணாடி."

"இத்தன ஆடு அதுல தெரியலையா மாப்ள?"

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியை மடியில் செருகிக்கொண்டேன். வாயாடி என்ற பெயர் அன்று மேற்குப் பாத்தியோடு போனது.

மேற்கே நின்ற பருத்தி பெரும்பாலும் போய்விட்டது. கிழக்கே, என் ஆராய்ச்சி நடந்த பக்கம், தப்பியது. ஆனால் மிஞ்சியது வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடாது என்பது பார்த்தாலே தெரிந்தது. மச்சான் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வழக்கம் அதில்லை. மறுவாரம் தன் ஆடுகளை ஓட்டிவந்து, எங்கள் மேற்குக் காட்டில் பட்டி போட்டார். புழுக்கை விழுந்து மண் ஊறட்டும் என்று இடம் மாற்றி மாற்றி அடைத்தார். வண்டியில் ராகி மூட்டைகளும் வந்தன. "எரு வெச்ச காட்டுல இந்தத் தடவ ராகி போடு மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் மனைவி அந்த ராகியில் களி கிண்டினாள். பட்டினி மேல் என்று நினைத்தவன் இரண்டாவது உருண்டைக்குத் தட்டை நீட்டினேன். பூச்சியின் ஞாபகம் வந்தது. அது என்னைவிட ரோஷக்காரப் பிராணி. அதனால்தான் அது செத்தது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மழைக்கு மேற்கு வேலியில் கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக நட்டோம். குழியை நான் தோண்ட, மச்சான் போத்தைப் பிடித்து நிறுத்தினார். சுடுகாட்டு வழி திறந்துகொண்டது. வண்டித்தடத்தில் வண்டி ஓடியது. ஊர் டிமான்ஸ்ட்ரேட்டரைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யாகவில்லையே.

கூழ் கொண்டுவந்த மனைவி, நட்ட வரிசையை நின்று பார்த்தாள். "இதத் திங்கறதுக்கு எந்தப் பூச்சி வரப்போவுதுன்னு இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. மொறமெல்லாம் நான் தர மாட்டேன்."

மச்சான் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் அந்தப் பக்கம் போனபிறகு, மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு போத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததையும் பார்த்தேன்.