தை பிறக்கும் வரை விருந்தாளிகள்

கல்லுப்பட்டியைத் தாண்டியும் பனி விலகவில்லை. முன்னால் நடந்த என் மனைவியின் சேலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பானை சட்டி மூட்டை என் தலையில். அவள் இடுப்பில் ஒரு துணிமூட்டை, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. பேரையூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் மாடு கட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். மாடுகளோடு அதே முப்பதடி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து அலுத்து, முந்தின நாள் சாயங்காலம் வடத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். முதலாளி கண்டபடி திட்டினார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவர் அப்படியொன்றும் திட்டவில்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் மூன்று ஊர் மாறிவிட்டோம். இனிப் போவது நான்காவது, திருப்பரங்குன்றம்.

"அடுத்த ஊருல எம்புட்டு நாளு மச்சான்?" என்றாள்.

"பாப்போம்."

"பாக்க வேணாம். புள்ள பொறக்குற வரைக்கும் ஒரே ஊரு. அப்புறம் நீங்க காசிக்குக்கூடப் போங்க, நான் கேக்கல."

தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள். இவளுக்குத் தாய் இல்லை. நான் எங்கே கொண்டுபோய் விடுகிறேனோ அங்கேதான் பேறுகாலம். நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

கடலை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் வந்தது. வண்டிக்காரர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவளை மூட்டை மேல் உட்காரவைத்தேன். வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்தில் சருகைக் கூட்டித் தீ மூட்டி, அவர் வைத்திருந்த பனங்கிழங்கைச் சுட்டோம். குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. அவள் உதடெல்லாம் கரியோடு நான்கு கிழங்கு தின்றாள். ஐந்தாவதை எடுக்கும்போது என்னைப் பார்த்து, "இது எனக்கில்ல, அதுக்கு" என்றாள். கிழங்கின் நாரைத் தன் பல்லிலிருந்து உருவி என் மீசையில் ஒட்டிவிட்டுச் சிரித்தாள். வண்டிக்காரர் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் திருமங்கலத்துலருந்து போடிக்குப் போறேன் மாப்ள" என்றார் அவர். "ரெண்டாவது வண்டிக்கு ஆளு இல்ல. ஒரு மாசம் ஆகும். வாரியா?"

போடி நான் பார்க்காத ஊர். அங்கிருந்து மலை ஏறினால் ஏலத்தோட்டம், அதற்கப்பால் மலையாளம். திருமங்கலம் வரும் வரை என் புத்தி அந்த மலையில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இறங்கும்போது அவர், "மார்கழியில குடி மாறுறியே, கிறுக்கா உனக்கு?" என்றும் கேட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

திருமங்கலத்தில் ரயில் ஏறினோம். அவள் அதுவரை ரயிலில் போனதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற ஒவ்வொரு கண்மாய்க்கும் "அய்யோ தண்ணி, அய்யோ கொக்கு" என்று கத்தினாள். எதிரே இருந்த கிழவர், "ஏத்தா, மெதுவா. புள்ள இங்கேயே எறங்கிறப் போகுது" என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. சீக்கிரமே திருப்பரங்குன்றம் வந்துவிட்டது என்று அவளுக்குக் கோபம்.

வீடு தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேற மாட்டார்கள். வாடகைக்கு விடுகிறவர்களும் விட மாட்டார்கள். மூன்று வீடுகள் காலியாகக் கிடந்தன. மூன்றிலும் ஒரே பேச்சு. அதிலும் மாசமான பொண்ணை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாயே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றாலும் மாதப் பெயர் தெரியாதவன் இல்லை நான். கிளம்புகிற அவசரத்தில் எந்த மாதம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"உனக்குமா தெரியாது?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"தெரியும். சொன்னா நின்னிருப்பீகளா?"

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கிளப்புக்கடை இருந்தது. அதை நடத்திய அம்மாள் என் மனைவியை முதலில் உட்காரச் சொன்னாள். சுக்குக் காப்பி கொடுத்தாள். பிறகுதான் என்னை விசாரித்தாள். கடைக்குப் பின்னால் அந்த அம்மாளுக்கு ஒரு மண்சுவர் அறை இருந்தது.

"குடி வெக்க மாட்டேன் தம்பி. விருந்தாளியா இருங்க. தை பொறக்குற வரைக்கும் அந்த அறையில அடுப்புப் பத்த வெக்கப்படாது, சாப்பாடு கடையில. தையில பால் காச்சிக்கங்க. யாரும் கேட்டா எங்க ஊருக்காரப் புள்ள, புருஷனோட வந்துருக்குன்னு சொல்லிக்கிறேன்."

"சரிக்கா" என்றேன்.

"புருஷனோடன்னு சொல்லுறேன். நீயும் இருக்கணும். நீ பாதியில கெளம்பிட்டா, புருஷன் விட்டுட்டுப் போனவள எதுக்கு வெச்சிருக்கேன்னு இந்தத் தெரு கேக்கும். அப்ப என்னால வெச்சிருக்க முடியாது."

அதற்கு நான் "சரி" சொல்லவில்லை. அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அறைக்குள் போனால், என் மனைவி மூலையில் குந்தி, சுவரை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மசக்கையில் தொடங்கிய மண் ஆசை ஆறு மாதமாகியும் விடவில்லை.

"பேரையூரு மண்ணு வழுவழுன்னு நாக்குல ஒட்டும். இது நல்லா வறுத்த வாசம் வருது. இந்தாங்க."

ஒரு துளி வாங்கி நாக்கில் வைத்தேன். எனக்கு மண்ணாகத்தான் இருந்தது. அதைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். மூன்றாவது முறை நடந்தபோது சிரிப்பை நிறுத்தினாள்.

"போடி நல்ல ஊராம்ல?"

"யாரு சொன்னா?"

"ஒங்க காலு சொல்லுது. போறதுன்னா போங்க. அந்தக்கா வெளிய தள்ளுற வரைக்கும் நான் இந்தச் சுவத்தைத் தின்னுக்கிட்டிருக்கேன். பேறுகாலத்துக்கு ரயிலடி இருக்கு. அங்க கூரை நல்லாத்தான் இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தவளைப்போல நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சுரண்டினாள்.

மறுநாள் கோயிலில் மார்கழி மணி அடித்தபோது எழுந்தேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பனியில் திருமங்கலம் போகிற ரோடு நாலு அடிக்கு மேல் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கடையின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன்.

அந்த அம்மாள் இரண்டு கையிலும் வேலையாகத் திணறிக்கொண்டிருந்தாள். மாவாட்டுகிறவள் மகளின் பேறுகாலத்துக்குப் போய்விட்டாளாம்.

"தை வரைக்கும் இருக்கேன்க்கா. புள்ள பொறக்குற வரைக்கும் இருக்கேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன வேல தெரியும்?"

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்."

"ஒக்காந்து பாக்குற வேல?"

"அது தெரியாது."

"அது ஒண்ணுதான் இங்க இருக்கு."

ஊறிய உளுந்து ஒரு அண்டா நிறைய இருந்தது. ஆட்டுக்கல்லின் முன்னால் கால்களை அகட்டி உட்கார்ந்து குழவியைப் பிடித்தேன். குளிர்ந்த உளுந்து விரலை விறைக்கவைத்தது. என் மனைவி எழுந்து வந்து, நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஆம்பள மாவாட்டுறதப் பாக்க டிக்கெட்டு உண்டாக்கா?" என்று உள்ளே கேட்டாள். பிறகு என்னிடம், "தண்ணியத் தெளிச்சுத் தள்ளி விடுங்க மச்சான். இப்புடி ஆட்டுனா வடை சுவத்துல அடிச்சாலும் ஒடையாது" என்றாள்.

தண்ணீரைத் தெளித்தேன். முதல் ஈடு மாவை வழித்துக் கொடுத்துவிட்டு எழப் பார்த்தேன், கால் மரத்துப்போயிருந்தது. அப்படியே உட்கார்ந்து அடுத்த ஈட்டுக்கு உளுந்தை அள்ளிப் போட்டேன்.