மின்வெட்டில் ஓடிப்போன சிப்பாய்

பணி ஓய்வு நாளில் எனக்குச் சந்தன மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். இனி பொழுதை எப்படிக் கழிக்கப்போகிறீர்கள் என்று மேலதிகாரி மேடையில் கேட்டார். தோட்டம், கோயில், பேரப்பிள்ளைகள் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "வீடியோ கேம் ஆடுவேன்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

1974-ல் திருவாடானை தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன் நான். நடுவில் ஒரு பட்டா மாறுதல் விஷயமாகக் கீழக்கரைக்குப் போனபோது பழக்கமானவர் பாய். துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பியிருந்தார். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று டி.வி.யில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி. மகனுக்காக வாங்கியது. மகன் பள்ளிக்கூடம் போன பிறகு பாயும் நானும் ஆடினோம்.

திரையின் அடிப்பக்கம் ஒரு செங்கல் கோட்டை. ஆளுக்கொரு டாங்கி. எதிரி டாங்கிகள் மேலிருந்து இறங்கிவரும். கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. "நீங்க போங்க சார், நான் இங்கன பாத்துக்கிறேன்" என்று பாய் கோட்டை வாசலில் நின்றுகொள்வார். நான் வெளியே போய்ச் சுடுவேன். பல வருடங்களாக இந்த வேலைப் பிரிவினை மாறவில்லை.

அது நல்ல ஆட்டம் என்று நான் வாதாட வரவில்லை. அநியாயமான ஆட்டம். அரும்பாடுபட்டு இருபது கட்டம் தாண்டியிருப்போம், குருட்டுக் குண்டு ஒன்று வந்து கோட்டையில் விழும், மறுபடி முதலிலிருந்து. விட்ட இடத்திலிருந்து தொடர வழியே கிடையாது. இப்படி ஒரு விதியை ஒரு அரசாங்கம் போட்டிருந்தால் மறுநாளே மறியல் நடந்திருக்கும். ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் பாயின் மகன் துபாயிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை அனுப்பினான். அவனும் அங்கேதான் வேலைக்குப் போயிருந்தான். டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் அவன் அங்கேயும் வாப்பா இங்கேயும் உட்கார்ந்து ஆளுக்கொரு சிப்பாயாக ஒரே துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடலாம். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் இராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்காருவேன்.

"ரிட்டயர் ஆயும் டியூட்டிக்குக் கெளம்புறீகளாக்கும்?" என்பாள் என் மனைவி. "பென்ஷனோட இதுக்கும் பயணப்படி தாராகளா?"

அந்த வெள்ளிக்கிழமை பாய்க்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. மகன் போனில் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா, உம்மாட்ட குடுங்க." அவ்வளவுதான். ஆட்டத்திலோ அவன் வாய் ஓயாது. "வாப்பா, குனிங்க, குனிங்க! பின்னால பாருங்க! அது சுவரு வாப்பா, அதச் சுடாதீக!" இடையிடையே, கேட்காமலே, தன் மேலாளரைப் பற்றிச் சொல்வான், பல்வலியைச் சொல்வான், இந்த வருடம் பெருநாளுக்கு வர முடியாது போலிருக்கிறது என்பதைச் சொல்வான். பாய் பொத்தானைத் தப்புத்தப்பாக அழுத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆட்ட நுணுக்கத்தில் பாய்க்கு ஆலோசகர் நான். புதுப் பெட்டியை அறிய நான் புதன்கிழமைகளிலும் போய்த் தனியாக ஆடிப் பழகினேன். அதில் பார்த்தவையெல்லாம் என்னைத் திகைக்கவைத்தன. எங்கே போவது என்று அம்புக்குறி காட்டுகிறது. போய்ச் சேர்ந்ததும் பதக்கம் கொடுக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கியதற்கே ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வந்ததற்கே பாராட்டுப் பத்திரம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன். குண்டடி பட்டால் சுவர் ஓரமாகச் சற்று நின்றால் போதும், காயம் தானே ஆறிவிடுகிறது. செத்தால் நாலு நொடியில் எழுந்துவிடலாம். அப்படியானால் எதிரி எதற்காகச் சுடுகிறான்? நான் எதற்காக ஒளிகிறேன்? ஆனாலும் ஒளிந்தேன்.

பழைய பழக்கத்தில் நான் பாய்க்கு முதல் நாளே ஒரு யோசனை சொல்லியிருந்தேன். வரைபடத்தின் நடுவில் பெரிய வாசல் வைத்த கட்டடம் ஒன்று இருந்தது. "பாய், நீங்க வாசல்ல நில்லுங்க. ஒரு பய உள்ள போகக்கூடாது." பாய் நின்றார். வாரா வாரம் நின்றார். மகனோடு அறையில் தங்கியிருந்தவர்களும் அதே அணியில் ஆடினார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் குரல் ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"யாருடா அந்த வாட்ச்மேன்? நவுரவே மாட்டேங்கிறாரு!"

"எங்க வாப்பா" என்றான் மகன்.

அடுத்த புதன்கிழமை நான் அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். காப்பாற்ற வேண்டியது என்று அந்த ஆட்டத்தில் எதுவுமே இல்லை. யார் அதிகம் பேரைச் சுடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்ப எதுக்கு சார் கதவு வச்சிருக்கான்?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் அடுத்த வெள்ளிக்கிழமையும் வாசலிலேயே நின்றார்.

இந்த நேரத்தில்தான் மின்வெட்டு வந்தது. பாய் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் டி.வி.யும் பெட்டியும் அணையாது. தெருமுனையில் இருந்த டெலிபோன் இணைப்புப் பெட்டிக்குத்தான் இன்வெர்ட்டர் இல்லை. ஃபேன் சுற்றும், திரை ஒளிரும், உலகம் மட்டும் அறுந்துபோகும். அங்கே மகனின் திரையில் வாப்பாவின் சிப்பாய் கொஞ்ச நேரம் சிலை மாதிரி நிற்பாராம்; யாராவது வந்து சுட்டுவிட்டுப் போவார்களாம். உடனே பாயின் செல்போன் அடிக்கும். "கரண்டா வாப்பா?" "ஆமாப்பா, கரண்டு."

மின்வெட்டு அட்டவணையை வாங்கி வந்து அதற்கேற்ப ஆட்ட நேரத்தை மாற்றினேன். அட்டவணையை நாங்கள் கடைப்பிடித்தோம், மின்சாரம் கடைப்பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. ஆட்டத்தைப் பலமுறை பாதியில் கைவிட்டுச் சென்றவர் நீங்கள். இது தொடர்ந்தால் இனி பிறரோடு ஆட நிரந்தரமாக அனுமதி மறுக்கப்படும். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பாய் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எங்க சார் ஓடுனேன்? வாசல்லதான நின்னேன்?"

எனக்குக் கோபம் வந்தது. என் சர்வீஸில் வேலைக்கே வராத ஆளுக்குக்கூட ஒழுங்கு நடவடிக்கை விதி 17பி-யில் குற்றச்சாட்டு கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைத்துத்தான் தண்டனை. இங்கே விளக்கம் கேட்காமலே தீர்ப்பு. "கவலப்படாதீக பாய். மேல்முறையீடு போடுவோம்" என்றேன்.

மறுநாள் மின்சார ஆபீசுக்குப் போனேன். லைன் இன்ஸ்பெக்டர் என்னை அறிந்தவர்.

"இன்ன தேதியில இன்ன நேரம் கரண்ட் இல்லன்னு ஒரு சான்று வேணும்" என்றேன்.

"கரண்ட் இருக்குன்னு சான்று கேட்டாத்தான் சார் கஷ்டம். இது எத்தன வேணும்னாலும் தாரேன். எதுக்கு, கோர்ட்டுக்கா?"

"வீடியோ கேமுக்கு."

அவர் சீல் அடித்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தான சார்?"

பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி இட்டு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். மனுதாரர் களத்தை விட்டு ஓடியவர் அல்லர் என்பதையும், மின்தடை ஏற்பட்ட கணம் வரை தமக்கு ஒதுக்கப்பட்ட வாசலில் இருந்தார் என்பதையும் அழுத்தமாகச் சொன்னேன். சான்றை ஸ்கேன் எடுத்து, மொத்தத்தையும் பிரவுசிங் சென்டரிலிருந்து ஈமெயிலில் அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அரசுப் பணியில் நான் கண்டறியாத வேகம். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. பெட்டியின் மின் இணைப்பு சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

பாய் சென்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "மத்தவுகளுக்கு எடஞ்சலா இருந்தா நான் ஒதுங்கிக்கிறேன் சார். அவன் கூட்டாளிகளோட ஆடட்டும்" என்றார். போனில் பேசிக்கொள்ளலாம் என்றேன். "போன்ல என்ன சார் பேசுறது?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, உள்ளே விடுமோ விடாதோ என்று பெட்டியைப் போட்டோம். விட்டது. கூடவே புதிய அறிவிப்பு: அடிக்கடி பாதியில் கைவிடுகிறவர்களை இனி அவர்களுக்குள்ளேயே சேர்த்து ஆடவைப்போம். யாரென்றே தெரியாத சிப்பாய்கள் திரையில் வந்து நின்றார்கள். மகன் எங்கேயோ, நல்லொழுக்கம் உள்ளவர்களோடு ஆடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அப்போது ஹெட்போனில் அவன் குரல்.

"வாப்பா, நானும் இங்கனதான் இருக்கேன்."

"நீ எப்படிலே இங்கன வந்த?"

"உங்க லைன் கட்டாகுறப்பல்லாம் நானும் ஆட்டத்த விட்டுட்டுத்தான போன் போட்டேன். அதயும் கணக்குல எழுதிட்டான். கூட்டாளிமார்லாம் அங்கிட்டு. நாம ரெண்டு பேரும் இங்கிட்டு." அவன் சிரிப்பது எனக்கும் கேட்டது.

பாய் என் பக்கம் திரும்பினார். "சார், இது தண்டனையா, நம்ம மனு பாஸாயிருச்சா?"

அறிவிப்பை மறுபடி படித்தேன். மனுவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தண்டனை என்றும் இல்லை. ஒரு உத்தரவைப் படித்துவிட்டு அது யாருக்குச் சாதகம் என்று சொல்ல முடியாமல் நான் விழித்தது அதுதான் முதல் தடவை. "பாத்துச் சொல்றேன் பாய்" என்றேன். தாலுகா அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம்.

அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் மறைந்து போவார். சற்றுப் பொறுத்து இன்னொருவர் வருவார். பாய் தன் வாசலுக்குப் போய் நின்றார். மகன் வெளியே போய்ச் சுட்டுக்கொண்டே பல் பிடுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த நாட்டுக்காரரோ, எங்கள் அணிச் சிப்பாய் ஒருவர் ஓடிவந்து வாசலின் மறுபக்கம் நின்றார். பிறகு அசையவில்லை. சிலை மாதிரி நின்றார்.

"பாவம், அங்கிட்டும் கரண்ட் போச்சு போல" என்றார் பாய்.

எதிரி ஒருவன் படியேறி வந்துகொண்டிருந்தான். பாய் தட்டுத்தடுமாறிப் பொத்தானை அழுத்தி, தன் சிப்பாயை நகர்த்தி, அந்தச் சிலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படிச் செய்தால் அந்த ஆட்டத்தில் மதிப்பெண் எதுவும் கிடையாது. விதிமுறை முழுவதையும் படித்தவன் என்பதால் அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.