புனிதாவின் ஒன்பது பெட்டிகள்

கிள்ளானில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் குடித்தனம் நடத்துகிற பெண் புனிதா ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கும். அக்கம்பக்கத்தார் காற்றாடிக்குக் கீழே போய் விழுந்து கிடப்பார்கள். இவள் மட்டும் வேலை விட்டு வந்ததும் வராததுமாக, “குளிருதாடி?” என்று ஒன்பது பெட்டிகளையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்பதிலும் இருப்பவை டாரன்டுலா சிலந்திகள். காலை விரித்தால் ஒவ்வொன்றும் உள்ளங்கையை மறைக்கும். ‘பெரியவள்’ என்று அவள் கூப்பிடுவது சாப்பாட்டுத் தட்டில் பாதியை மறைக்கும்.

வேலை மேருவில், மீன் குளிர்க்கிடங்கில். மைனஸ் இருபது டிகிரியில் பஞ்சு வைத்த கோட்டு மாட்டிக்கொண்டு சரக்கு சரிபார்க்க வேண்டும். பகல் முழுக்கச் செத்த மீனைக் குளிர வைத்துவிட்டு, சாயங்காலம் உயிரோடிருக்கும் பூச்சிக்குச் சூடு கொடுக்க ஓடுகிறாள் என்று கிடங்கில் எல்லோரும் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேலிக்கு அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

பெரியவளை வாங்கியபோது புனிதாவுக்கு இருபத்தேழு வயது. சிலந்தி பச்சைப் பயறு அளவு இருந்தது. அந்த வருடம் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள் மேசைமேல் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் வந்தவர்களும் ஏதோ ஒரு காரணம் சொல்லிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சிலந்திகளில் ஆணாகப் பிறந்தவை வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே செத்துப்போகும். பெண்கள்தான் இருபது வருடம், அதற்கு மேலும் நிற்கும். அப்படி நின்றவர்கள் இந்த ஒன்பது பேர். புனிதாவுக்கு இப்போது நாற்பத்து நான்கு. யார் என்ன சொன்னாலும், அவளோடு பதினேழு வருடம் சேர்ந்தாற்போல் இருந்த உயிர் பெரியவள் ஒன்றுதான்.

போன வருடக் கடைசியில் தம்பி கிஷன் அம்பாங்கில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, கர்ப்பிணி மனைவி மலர்விழியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அது அடுக்குமாடியில் ஒரே ஒரு அறை உள்ள வீடு. கூடத்தில் மேற்கு வெயில் அடிக்கும். ஆகவே அறையின் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். ஜன்னல் உள்ள பாதி அவர்களுக்கு, தனிக் கதவு வைத்த ஜன்னல் இல்லாத பாதி புனிதாவுக்கும் சிலந்திகளுக்கும். குளிரூட்ட ஏர்கோன் ஒன்றுதான். பலகையின் உச்சியில் ஓட்டை வெட்டி, இரண்டு பக்கமும் காற்று போகிறாற்போல் அதை நடுவில் மாட்டினான் கிஷன். மலர்விழிக்கு உடம்பெல்லாம் எரிச்சல். ராத்திரி பகல் பார்க்காமல் பதினெட்டு டிகிரியில் ஓடியது ஏர்கோன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்ய, வயிற்றில் பிள்ளை.

ஆனால் பதினெட்டில் சிலந்தி தாங்காது. ஒரு வாரத்தில் எல்லாம் இரையைத் தொடாமல் மூலையில் ஒடுங்கிவிட்டன. புனிதா கிடங்கில் கழித்துப் போட்ட வெள்ளைத் தெர்மோகோல் மீன் பெட்டிகளை லோரிக்காரரிடம் சொல்லி வீட்டுக்கு வரவழைத்தாள். கழுவி, வெயிலில் நாற்றம் போகக் காயவைத்து, முன்பக்கம் வெட்டிக் கண்ணாடி பதித்து, மூச்சுக்கு ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நார்த் தூள் நிரப்பினாள். சூடு தரும் ரப்பர் விரிப்பை ஒவ்வொன்றிலும் பக்கச் சுவரில் ஒட்டினாள். அடியில் ஒட்டக் கூடாது. சூடு தாங்காவிட்டால் சிலந்தி மண்ணைத் தோண்டிக் கீழேதான் போகும், அங்கேயும் சூடு இருந்தால் வெந்துபோகும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று ராத்திரி முழித்திருந்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, இருபத்தேழில் நிறுத்தினாள். சூட்டைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று பொருத்தியிருக்கலாம். ஏர்கோன்தான் நிற்கவே போவதில்லையே, எதற்கு என்று விட்டுவிட்டாள். ஒன்பதுக்கும் ஒரே சுவிட்ச், அதை அணைக்க வேண்டிய வேளையும் வரவில்லை.

மலர்விழி முதலில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். பிறகு ஒருநாள், எட்டிப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு புனிதாவைக் கூப்பிட்டாள். ஒரு சிலந்தி மல்லாந்து எட்டுக் காலும் மேலே தூக்கிக் கிடந்தது.

“சாகல மலர், தோலுரிக்குது. மல்லாந்து கெடந்தா பயப்படாத,” என்றாள் புனிதா. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பார்த்தார்கள். பழைய தோலிலிருந்து புதிய கால் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தது.

“அழகாதான் இருக்குலா அண்ணி,” என்றாள் மலர்விழி, தன் வயிற்றைத் தடவிக்கொண்டே. தன் வீட்டில் ஒருவர் அதை அழகு என்று சொல்லிப் புனிதா கேட்டது அன்றைக்குத்தான். அன்று அவள் சந்தோஷத்தில் மீன் சம்பல் செய்தாள்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான், கிடங்கின் ஜொகூர் கிளைக்கு மூன்று நாள் சரக்குச் சரிபார்க்கக் கிளம்பினாள். போன அன்றே வலி வந்துவிட்டது. மறுநாள் காலையில் கிஷன் கூப்பிட்டான்.

“அக்கா, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மத்தியானம் வீட்டுக்கு விடுறாங்களாம். மலரோட அம்மா வந்துட்டாங்க, பத்தியத்துக்கு.”

புனிதா அழுதேவிட்டாள். அழுது முடித்த கையோடு கண்டிப்பாகச் சொன்னாள்: “என் ரூம்பு கதவைச் சாத்தியே வை. பெட்டிய யாரும் திறக்கக் கூடாது. முக்கியமா அந்த சுவிட்ச்ச யாரும் தொடவே கூடாது. சொல்லிட்டேன்.”

“மலர்கிட்டயே சொல்லிடுறேன்க்கா. அவ யாரையும் கிட்ட விடமாட்டா.”

புனிதா மைனஸ் இருபதில் மீன் எண்ணிக்கொண்டிருந்தாள். பெட்டி பெட்டியாக எண்ணும்போதும் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்றே யோசனை. பத்தியம் என்ற சொல் காதில் விழுந்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிள்ளை பெற்ற எவளுக்கும் அது உறைத்திருக்கும். இவள் முன்னால் யார் அதையெல்லாம் பேசினார்கள்? கல்யாணம் ஆகாதவள் என்று எல்லாச் சீமந்தத்திலும் அவளைப் பந்தி பரிமாறத்தானே அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே சாம்பிராணி வாசனை. மலர்விழியின் அம்மா பவுனம்மாள் மிளகு ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா புனிதா. கைகால் கழுவிட்டு வந்து பிள்ளையப் பாரு.”

மலர்விழி காதை மூடித் துண்டு கட்டி, காலுறை போட்டு, வியர்க்க வியர்க்கப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் சின்ன முகம். ஜன்னலைச் சாத்தித் திரை போட்டிருந்தார்கள். புனிதா நிமிர்ந்து பார்த்தாள். ஏர்கோனின் வாய் மூடியிருந்தது.

“பெத்த உடம்பு, குளிர் ஏறிட்டா அப்புறம் ஆயுசுக்கும் முதுகுவலி,” என்றார் பவுனம்மாள். “வீட்டுக்கு வந்த நிமிஷமே அத அணைச்சிட்டேன்.”

மலர்விழி சிரித்தாள். “உங்க பிள்ளைங்களுக்கும் நல்லதுதானே அண்ணி? அதுங்களுக்கும் இனிமே குளிராது. அம்மா கரண்ட் வீணாப் போவுதுன்னு சுவிட்ச்ச அணைக்கப் போனாங்க. நான்தான் சத்தம் போட்டு நிறுத்திட்டேன். நேத்தும் இன்னைக்கும் மெதுவா எந்திரிச்சுப் போய்க் கண்ணாடி வழியா பாத்தேன். ஒண்ணுகூட மல்லாந்து கெடக்கல. எல்லாம் கால உள்ள மடக்கிக்கிட்டு அடக்கமா உக்காந்திருக்கு.”

காலை உள்ளே மடக்குவது என்றால் என்ன என்று புனிதா அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. மல்லாந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். அடுப்படியில் குனிந்தாற்போல் முகத்தில் அனல் அடித்தது. வெப்பமானியில் நாற்பத்து நான்கு. ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே போனாள். எட்டுப் பெட்டிகளில் எட்டும் கால்களை வயிற்றுக்கடியில் இறுக்கிச் சுருட்டி அசையாமல் இருந்தன. செத்த சிலந்திக்குத்தான் கால் அப்படி மடங்கும். பெரியவளைக் காணவில்லை. மண்ணைக் கையால் கிளறினாள். சூட்டுக்குப் பயந்து பெட்டியின் அடி வரைக்கும் தோண்டியிருக்கிறாள். மேலே எடுத்து வைத்தபோது காய்ந்த இலைபோல் கனமே இல்லை.

கத்த வேண்டும் என்றுதான் புனிதாவுக்கு இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார்கள். எழ முடியாத உடம்போடு எழுந்து வந்து அந்தப் பெண் காவல் காத்திருக்கிறாள். பதினேழு வருடத்தையும் புனிதாவின் வாய்தான் தின்றுவிட்டது.

கையை நீட்டி சுவிட்ச்சை அணைத்தாள். டக்கென்ற சத்தம் பலகையின் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

“அண்ணி,” என்று மலர்விழியின் குரல் வந்தது. “ஏன் அணைச்சிட்டீங்க? அதுங்களுக்குக் குளிருமே.”

புனிதா பெரியவளை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“குளிராது மலர்,” என்றாள். “நீ படு.”