டின்னில் இருந்த வறுத்த அரிசி

சுமதி அக்கா இறந்த செய்தி வந்தபோது, இடம்பெயர்ந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் மரத்தடியில் தாவரவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. அயல் கொட்டில் செல்லையா மாமா சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "பிள்ளை, கொக்கா சுமதி போயிட்டா. மலேரியா மூளைக்கு ஏறிட்டுதாம். மருந்து வந்து சேரேல்லை."

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அக்கா, போரில் பாதை மூடப்பட்டதால் எங்கள் ஊரான துணுக்காயிலேயே தங்கிவிட்டார். ஆனாலும் ஆய்வை விடவில்லை. ஒரே மூட்டை விதைநெல்லைக் குளத்து வயலிலும் உவர் நிலத்திலும் விதைப்பித்து, இலைகளைச் சேர்த்தார். உறைகளில் பெயர் எழுதுவது என் வேலை.

"புரதம் செய்யிற ரைபோசோமுக்கு ஒரு மரபணு இருக்கு. செடியில அதுக்கு ஆயிரக்கணக்கில பிரதி. எல்லாத்தையும் செடி வாசிக்காது. கனக்கப் பிரதியில மெதைல் எண்ட சின்ன அடையாளத்தைக் குத்தி மூடி வைச்சிருக்கும். எழுத்து மாறாது, வாசிக்க மட்டும் ஏலாது. உவர் நிலத்தில எத்தினையை மூடுது எண்டதுதான் என்ர கேள்வி" என்றார் ஒருநாள்.

"அப்ப எங்கட வகுப்புப் போலத்தான் அக்கா. ரீச்சர் கேட்டா முக்கால்வாசிப் பேர் வாய் திறக்கமாட்டினம்."

"நீ மூடாத பிரதி. எழுது, வாயாடி."

இலையில் ஈரம் பட்டால் உள்ளிருக்கும் மரபணு சிதைந்துவிடும். பாதை மூடியிருந்ததால் ஈரம் உறிஞ்சும் இரசாயனம் இங்கே வராது. அதனால் பால்மா டின்னின் அடியில் வறுத்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் உறைகளை அடுக்கினார்.

ஷெல் விழத் தொடங்கி எல்லோரும் ஓடியபோது டின்னை என் கையில் தந்தார். வழியெல்லாம் மழை. இரண்டு நாள் சோறில்லை. மூடியைத் திறந்தால் வறுத்த அரிசி வாசம். முதலில் ஒரு பிடி தின்றேன். பிறகு எல்லாவற்றையும் தின்றேன்.

ஒரு வாரத்தின் பின் அக்கா டின்னைத் திறந்தார். இலைகள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. வெறும் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எலி போல. கெட்டிக்கார எலி, மூடியையும் திரும்பப் பூட்டிப்போட்டுப் போயிருக்கு."

நான் வாய் திறக்கவில்லை.

நெல்லில் கதிர் வருமுன் மறுபடி இலை சேர்க்க வேண்டும் என்று, விட்டுவந்த வயல்களுக்கு அக்கா புறப்பட்டார். "அங்கால சனமே இல்லை. ஏன் பிள்ளை போறாய்?" என்று செல்லையா மாமா மறித்தார்.

"நெல்லு நிக்குதே, மாமா."

மூன்றாம் நாள் புதிய உறைகளோடு திரும்பி, டின்னில் மறுபடி அரிசி வறுத்துப் பரப்பி அவற்றை அடுக்கினார். கைகால் முழுக்க நுளம்பு கடித்த தடிப்பு. "ஊரில ஒரு நாய்கூடக் குரைக்கேல்லையடி. பயிர் மட்டும் நல்ல பச்சையா நிக்குது" என்றார் மெதுவாக. பத்தாம் நாள் காய்ச்சல் தொடங்கியது.

செத்தவீட்டில், "இந்த இலைக்காகவோ போனவா?" என்று எல்லோரும் கேட்டீர்கள். அவரை அறிந்த உங்களுக்கு இப்போது சொல்கிறேன்: எலி இல்லை, நான்தான்.

டின் என்னிடம் இருக்கிறது. பாதை திறந்ததும் வவுனியாவுக்குக் கொண்டுபோய், அவருடைய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். நேற்று ஷெல் சத்தம் இன்னும் கிட்டக் கேட்டது. உடுப்புப் பையில் முதலில் டின்னைத்தான் வைத்தேன். வைப்பதற்கு முன் திறந்து பார்த்தேன். அரிசி குறையவில்லை. பசிதான் அப்படியே இருக்கிறது.