செருப்பின் மேல் கிடந்த தழை

என் தம்பிக்கு நம்ம ஊர்ச் சாமிகளைவிட கிரேக்க நாட்டுச் சாமிகள்தான் நெருக்கம். செல்போனில் அவன் விளையாடுகிற சண்டை விளையாட்டு முழுக்க அவர்கள்தான். இடிக்கு ஒரு சாமி, கடலுக்கு ஒரு சாமி, போருக்கென்றே தனியாக ஒரு சாமி. ஒருநாள் வலது கையில் குதிரைமுடி வைத்த போர்க்கவசத் தலை ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டு வந்து, அம்மாவிடம் துடைப்பக்கட்டையால் வாங்கினான். நிஜ ஹெல்மெட்டை மட்டும் அவன் எந்த நாளும் போட்டதில்லை.

நான் புதுச்சேரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். அதனால் அந்தச் சாமிகளின் கதையைக் கேட்டு என்னை நச்சரிப்பான். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது ஒருநாள் அந்தப் பழைய போர்க்கதையைச் சொன்னேன். ஒரு ராணிக்காகப் பத்து வருஷம் நடந்த போர். இந்தப் பக்கத்து மாவீரன் அந்தப் பக்கத்து இளவரசனைக் கொன்று, பிணத்தைத் தேரில் கட்டித் தினம் தினம் மண்ணில் இழுக்கிறான். செத்தவனின் அப்பா கிழட்டு ராஜா. அவர் எதிரியின் கூடாரத்துக்கே போய் மண்டியிட்டு, மகனைக் கொன்ற கைகளுக்கு முத்தம் கொடுக்கிறார். பிள்ளையின் உடம்பைக் கொடுத்துவிடு என்று கேட்கிறார். வீரனும் அழுகிறான். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஈமக்காரியத்துக்காகப் பதினோரு நாள் போரை நிறுத்த வீரன் ஒத்துக்கொள்கிறான்.

தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிட்டான்.

“இன்னாக்கா இது? கொன்னவன் கைக்கே முத்தம் குடுக்கறான்? மானங்கெட்ட கெழவனா இருக்கானே! நான் செத்து எங்கப்பா இப்பிடிப் போயி நின்னாருன்னா, எழுந்து வந்து ஒதைப்பேன்.”

“செத்தவன் எங்கடா எழுந்து வர்றது? புல்லக் கட்டு,” என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. காலை ஷிப்டுக்குக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று தம்பி விடிகிற நேரத்தில் பைக்கை எடுத்தான். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாத பனி. பண்டசோழநல்லூர் போகிற ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து நின்றிருந்தது. தம்பி அதன் பின்னால் போய் மோதினான். டிரெய்லர் எங்கள் தாய்மாமனுடையது. ஓட்டி வந்தவரும் அவரேதான்.

எங்கள் பக்கத்தில் வண்டி ரோட்டில் நின்றுவிட்டால் டிரைவர் வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஒன்று செய்வான். ஓரத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, வண்டிக்கு முப்பது நாற்பது அடி பின்னால் ரோட்டில் போடுவான். ரோட்டில் தழை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கும் தெரிந்த சட்டம் இது. மாமா அதைச் செய்யாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன அப்பாதான் முதலில் அங்கே போய்ச் சேர்ந்தார். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் சேதி கேட்டு ஓடியபோது பனி விலகி, அந்த இடத்தில் பைக்கும் கண்ணாடிச் சில்லும்தான் கிடந்தன. மாமா சற்றுத் தள்ளித் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரோட்டில் ஒரு வேப்பந்தழை கிடந்தது. புதுசாக ஒடித்தது. அதன் அடியில் தம்பியின் ஒற்றைச் செருப்பு இருந்தது.

செருப்பு தழைக்கு மேலே கிடந்திருந்தால் நான் சும்மா போயிருப்பேன். கீழே கிடந்தது. போனில் ஒரு படம் எடுத்தேன்.

போலீஸ் வந்ததும் மாமா, “தழ போட்டுட்டுத்தான் சார் நின்னேன், பையன் வேகமா வந்துட்டான்,” என்றார். என் காதால் கேட்டேன். மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். “போன உள்ள வை. யார்கிட்டயும் காட்டாத,” என்றார். ஏட்டு வந்து வாக்குமூலம் கேட்டதற்கும், “எம்புள்ள காரியம் முடியட்டும் சார், அப்பறம் வரேன்,” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். மச்சான் பாசம் பொங்குது பார் என்று மனசுக்குள் திட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத்தான் உடம்பைக் கொடுத்தார்கள். அந்தக் கதையில் இளவரசனின் பிணம் கெடாமல் பன்னிரண்டு நாள் தெய்வங்களே காப்பாற்றும். எங்களுக்கு வாய்த்தது வாடகை ஐஸ் பெட்டி. கரண்ட் இரண்டு தடவை போனது. பெட்டியின் கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, தம்பியின் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: “அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது.” மாமா அவளுக்கு ஒரே தம்பி. தாயில்லாமல் அவள் இடுப்பில் வளர்ந்தவர். ஆனால் பெரியவர்கள் பிணத்தை எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளை. தாய்மாமன் கோடித்துணி போர்த்தாமல் எப்படி எடுப்பது?

“ஆளில்லாத பொணமாட்டம் தூக்கினு போறதா?” என்றார் பெரியப்பா.

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மணி மூன்று தாண்டியது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வண்டிய எடும்மா.”

கிழட்டு ராஜாவுக்கு வழித்துணையாக ஒரு சாமியே வந்தது. எங்கப்பாவுக்கு என் ஸ்கூட்டி. அவரைப் பின்னால் உட்கார வைத்துப் பக்கத்து ஊருக்கு ஓட்டினேன்.

மாமா கரும்புக்கொல்லை மோட்டார் கொட்டகையில் இருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ. நான்கூட அடிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அப்பா கிட்டே போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். அச்சைக் கழற்றிய கிரீஸ் கறை நகக்கண்ணில் அப்படியே இருந்தது. அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கோடி எடுத்துக்கினு வா மச்சான். புள்ள காத்துக்கினு கெடக்கறான்.”

மாமா அப்படியே சரிந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பாவும் அழுதார். “மாமா... அந்தத் தழ விசயம்...” என்று மாமா ஆரம்பித்தார். “இப்ப அதப் பேசாத. கெளம்பு,” என்றார் அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மானங்கெட்ட கெழவன் என்ற தம்பியின் குரல் காதுக்குள் கேட்டது. அவன் சொன்னது சரிதான் என்று நான் அன்றைக்கு நம்பினேன்.

மாமா கோடி வேட்டியும் மாலையுமாக வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். போகச் சொல்லவில்லை. அவர் வேட்டியைப் போர்த்தினார். பச்சை குத்திய கை வெளியே தெரிந்தது, அதையும் மூடினார். பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டு வந்தார்கள். பதினாறு நாளும் மாமா நடையாய் நடந்தார். பந்தல்காரனைக் கூப்பிட்டது, அரிசி இறக்கியது எல்லாம் அவர்தான். அம்மா ஒரு தடவைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கருமாதி அன்று அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். அப்பாவே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இனிமேல் அப்பாவிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“அந்தப் படம் போன்ல கீதுல்ல?”

“கீது.”

“வண்டிய எடும்மா. ஸ்டேஷனுக்குப் போலாம்.”

நான் வண்டியைக் கிளப்பாமல் நின்றேன். “அன்னிக்கி அந்தக் கையப் புடிச்சி கண்ணுல ஒத்திக்கினியேப்பா?”

“புள்ளைய நல்லபடியா அனுப்பணுமே, அதுக்குப் போனேன். மன்னிக்கறதுக்கா போனேன்?” என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. “நான் போயி தூக்கறப்ப அங்க தழையே கெடையாது. ஒரு எல கெடையாது.”

ஸ்டேஷனில் அதையே சொன்னார். ஏட்டு எழுத எழுத, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் படத்தைக் காட்டினேன். காத்திருந்தபோதுதான் தம்பிக்குக் கதையை நான் பாதியில் விட்டது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள் போர் மறுபடியும் தொடங்கும். முத்தம் கொடுத்தாரே, அந்த ராஜா யாரையும் மன்னித்ததாகக் கதையில் எங்கேயும் இல்லை. இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அழுகை வந்தது, அங்கேயே அழுதேன்.

சாயந்திரம் மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அம்மா அடுப்படியில் இருந்தாள். குழம்பை இறக்கி வைத்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், வாசலுக்கு வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

“சாப்ட்டுட்டுப் போனானாமா?” என்று கேட்டாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.