மூச்சு வெட்டுகிறவள்

ஸ்டுடியோவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வாய்த்துடுக்கால் வந்த பெயர் அல்ல, பாவம், அவள் வாய் திறப்பதே அபூர்வம். பாடுகிறவர்கள் வரிக்கு வரி இழுக்கும் மூச்சை வெட்டி எறிவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக ஜன்னல் இல்லாத அறை, ஒரு கம்ப்யூட்டர், காதை மூடிய ஹெட்ஃபோன். வீட்டிலும் பேச ஆளில்லை. ஞாயிறானால் அண்ணன் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அண்ணியிடம் கொடுத்துவிடுவார்.

நான்கு பெண்கள் சேர்ந்த புதுக்குழுவின் முதல் பாட்டு அவளிடம் வந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்கு நாற்பது மணி நேரப் பதிவு. ஒலிப்பதிவுக்காரர் மகா சோம்பேறி. பாடி முடித்தபின்னும் மைக்கை அணைக்க மாட்டார். அதனால் பாட்டோடு பெண்களின் சிரிப்பும் சண்டையும் புலம்பலும் சேர்ந்தே வந்தன. தூக்கிப் போட வேண்டியதை எல்லாம் கத்தரி ஒன்று விடாமல் கேட்டாள். யாருக்குத் தொண்டை கட்டும், யார் எதற்குக் கோபித்துக்கொள்வாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் அடிக்கிற ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் அந்த மூன்று வாரம் அவள் தனியாகச் சாப்பிடவில்லை.

கரகரத்த குரல்காரி மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஒருநாள் மற்ற மூவரும் வெளியே போயிருந்தபோது, தம்பி வீட்டை விட்டு ஓடிப் பத்து நாளாகிறது என்று அந்தப் பெண் போனில் யாரிடமோ சொல்லி அழுதாள். அதற்கடுத்துப் பாடிய வரியில் மூச்சு உடைந்திருந்தது. அந்த ஒரு மூச்சை மட்டும் வெட்டக் கத்தரிக்கு மனசு வரவில்லை.

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்துக் காட்டினார்கள்.

வெற்றி விருந்துக்குக் கத்தரியையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் செருப்பு கடிக்கக் கடிக்கப் போனாள். நான்கு பேரையும் நேரில் பார்த்ததும், சொந்தக்காரப் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி பூரித்துப்போனாள். கரகரத்த குரல்காரியின் கையைப் பிடித்து, "தம்பி வீட்டுக்கு வந்துட்டானாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். குழுவில் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. போனை யாரோ ஒளிந்து நின்று கேட்டிருக்க வேண்டும். திரும்பி மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று கத்தரிக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மைக் விஷயம் வெளியே வராது. மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள்.

"அவங்க யாரும் சொல்லலம்மா. மைக் ஆன்ல இருந்துச்சு. நான்தான் கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அந்தப் பெண் தோழிகளிடம் போய் நின்றுகொண்டாள். நால்வரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பாட்டு வந்தது. கத்தரி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். ஒரு வரி பாடினார்கள். டக்கென்று மைக் அணைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு சாப்பிடத் தொடங்கினாள்.