இரண்டு வாளிக் கடல்

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, வாளிக்குள் அகப்பையைப் போட்டுத் துழாவிக் கடல் தண்ணீர் தயாரித்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் இதைவிடப் பெரிய விசர்வேலை ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியாது. அயலட்டையும் அப்படித்தான் சொன்னது.

வானொலிப் பெட்டி இருக்கவேண்டிய மேசையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். அதற்குள் புறாத்தீவுப் பக்கம் பிடித்த இரண்டு செம்மஞ்சள் மீன்கள், உடம்பில் வெள்ளைப் பட்டியோடு. அவை குடியிருக்க ஒரு கல், கல்லில் ஒட்டிக்கொண்டு ஆடும் ஒரு கடற்பூ. கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டுபோய்க் கடற்கரையில் தண்ணீர் அள்ளிவந்து மாற்றுவேன். "கடலைக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குக் கடத்துறார்" என்பார் அடுத்த வீட்டுக்காரர். அவர் சுகாதாரப் பரிசோதகர். பாலில் தண்ணீர் கலப்பவர்களைப் பிடிப்பது அவர் உத்தியோகம்.

என் மனைவிக்கு முதலில் தொட்டி பிடிக்கவில்லை. வானொலி அலுமாரிக்கு மேலே ஏறியதை அவள் மன்னிக்கவே இல்லை. பிறகு மத்தியானங்களில் மீன்களோடு கதைக்கத் தொடங்கினாள். கல்யாணமாகி எட்டு வருடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கதையில் நான் குறுக்கிடுவதில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதத்துக்கு முந்தின நாள் அவள்தான் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, முட்டை போட்டிருக்கு!"

கல்லின் ஒரு பக்கம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் செம்மஞ்சள் முட்டைகள். ஆண் மீன் செட்டையால் விசிறிக்கொண்டு காவல் நின்றது. "தகப்பன் எப்பிடிப் பாக்குது பாருங்கோ" என்றாள். அதில் எனக்கும் ஏதோ குத்தல் இருப்பதாகப் பட்டது.

மறுநாள் அவள் விரதம் தொடங்கினாள். பிள்ளை வேண்டி எட்டாவது வருடம். ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், பொழுதுபட்டால் பாலும் பழமும். உப்பு நாக்கில் படக்கூடாது. அதே நாள் மாரி மழையும் தொடங்கியது. மகாவலி வெள்ளம் குடாவுக்குள் இறங்க, கடல் தேத்தண்ணீர் நிறமாயிற்று. போதாததற்குக் கப்பல் எண்ணெயும் மிதந்தது. இரண்டாம் நாள் தொட்டித் தண்ணீர் மணத்தது. மாற்றாவிட்டால் முட்டைகள் அழுகிவிடும். மாற்றக் கடல் இல்லை.

"உப்பு கடலில இருந்துதானே வருது? திருப்பித் தண்ணியில போட்டாக் கடல்தானே?" என்றாள் மனைவி, உப்புச் சாடியை நீட்டி.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதே நியாயத்தை நம்பி முந்தின வருடம் நான் ஓர் இறாலைக் கொன்றிருந்தேன். நிலாவெளி உப்பளத்தில் உப்பு விளைந்த பின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டாத அந்தக் கசப்பு கடற்பிராணிக்கு வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு கப்பல் பொறியாளர். நான் துறைமுகத்தில் லிகிதர், எழுத்து வேலை. அவருடைய கப்பல் பழுதுபட்டு இரண்டு கிழமை நின்றது. தன் ஊரில் கடல் இல்லை, ஆனால் வீட்டில் கடல்மீன் வளர்ப்பதாகச் சொன்னார். போகும்போது, கடலில் உள்ளதையெல்லாம் அளவாகச் சேர்த்துச் செய்த உப்பு, உறையில் அடைத்த ஒரு பக்கற், தந்தார். அதை நான் அலுமாரியில் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மூன்றாம் நாள் பக்கற்றைப் பிரித்தேன். எழுதியிருந்தபடி அளந்து, இரண்டு பிளாஸ்டிக் வாளிக் கிணற்றுத் தண்ணீரில் முழுவதையும் கொட்டித் துழாவினேன். பால்போலக் கலங்கியது மறுநாள்தான் தெளிந்தது. சரிபார்க்க, பரிசோதகரின் பாலின் அடர்த்தி அளக்கும் கண்ணாடிக் குழலைக் கேட்டேன். இருபத்தைந்து காட்டினால் அது நல்ல கடல் என்று பொறியாளர் சொல்லியிருந்தார்.

பரிசோதகர் உத்தியோக முகத்தோடு குழலை வாளியில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தைஞ்சு! ஐசே, என்ர சேவையில இவ்வளவு திறமான பாலை நான் காணேல்லை."

"பக்கற்றில போட்ட அளவுதானே போட்டனான்?"

"எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

அவர் எங்கள் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். எங்கள் ஒழுங்கையில், கடலோரச் சந்தில், கிணறுகள் எல்லாம் உவர். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் பால் திரையும், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கத் தெருக் குழாய், குளிக்கக் கிணறு என்று பிறந்த நாள் முதல் வாழ்ந்தவன் நான். அன்றைக்குப் பார்த்து மறந்துபோனேன். பாதிக் கடலுக்குள் முழுக் கடலைக் கொட்டியிருந்தேன்.

"நல்ல தண்ணி விட்டுக் குறையுங்கோ."

"குழாயில விடியத்தானே தண்ணி வரும். குழலை வைச்சிட்டுப் போங்கோவன்."

"ஏலாது, அரசாங்கச் சாமான். நான் மூதூருக்கு லோஞ்சு பிடிக்கவேணும்" என்று குழலைத் துடைத்து உறையில் போட்டார். மூன்று நாளைக்கு அவரும் இல்லை, குழலும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை குழாய்த் தண்ணீரைப் போத்தலால் அளந்து விட்டேன். எங்கே நிறுத்துவது? இனி நாக்குத்தான் கருவி. எங்கள் வீட்டில் விரத நாட்களில் உப்புப் பார்ப்பது என் வேலை. விரதக்காரி வாயில் வைக்கக்கூடாதல்லவா? ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு "திறம்" என்பேன். சுருட்டும் வெற்றிலையும் கண்ட நாக்குக்கு எல்லாமே திறம்தான். நான் திறம் என்ற புளிக்கறி ஒன்றை வாயில் வைத்த அவளுடைய தமையன் கை கழுவிவிட்டு எழும்பிப் போன கதையை, அவர்களின் ஊரான குச்சவெளியில் இன்னும் சொல்வார்கள்.

வாளித் தண்ணீரை நக்கினேன். "திறம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். முட்டைகளுக்குள் வெள்ளிப் பொட்டுகளாய்க் கண்கள் தெரிந்தன.

"கண் வந்திட்டுது" என்றாள். "நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

கையைக் கழுவினாள். சுவரில் இருந்த முருகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வாளிக்குள் விரலை விட்டு வாயில் வைத்தாள்.

எட்டு வருடத்தில் ஒரு துளி உப்புக்குத் தவறாதவள். "உம்மட விரதம்..." என்று இழுத்தேன்.

"அதை நான் அவருக்குச் சொல்லிக்கொள்ளுறன். இன்னும் நாலு போத்தல் விடுங்கோ."

விட்டேன். மறுபடி வாயில் வைத்தாள். "இன்னும் ஒண்டு." மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "இப்ப சரி. இதுதான் எங்கட குச்சவெளிக் கடல்."

நான் கோப்பை கோப்பையாகத் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். இவளுக்கு நான் என்னத்தைச் செய்து ஈடுகட்டுவேன் என்று மனம் அடித்துக்கொண்டது. அவளோ தரையில் சிந்தியதைத் துடைக்கச் சொன்னாள்.

விரதம் முடிந்து பாறணை நாள் காலை கல் வெறுமையாக இருந்தது. கண்ணாடி ஓரத்தில் கண்ணும் வாலும் மட்டுமே உள்ள பொடிக் குஞ்சுகள் துடித்துத் துடித்து நீந்தின. அவை நாலு நாள்கூடத் தங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது.

மூதூரால் வந்த கையோடு பரிசோதகர் குழலைக் கொண்டுவந்து வாளியில் மிஞ்சிய தண்ணீரில் விட்டுப் பார்த்தார். இருபத்தைந்து. மயிரிழைகூட அங்கால் இங்கால் இல்லை.

"பாலெண்டால் உங்களுக்கு வழக்குப் போட்டிருப்பன். எதால அளந்தனீங்கள்?"

"வீட்டுக் கருவி" என்றேன்.

பிறகு கோயிலுக்குப் போனோம். அங்கே வருடாவருடம் அவளை மறித்துக் கேட்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அன்றும் மறித்தாள். மற்ற வருடங்களில் மனைவி தலையைக் குனிவாள். நான் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணுவேன்.

"பிள்ளை, ஆறு நாளும் பிசகாமல் பிடிச்சனீரோ? இந்த முறையாவது தந்தாரோ?"

"ஒரு நாள் பிசகிட்டுது மாமி" என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தி. "ஆனாலும் தந்திட்டார். முந்நூறு."

மாமி இவளுடைய வயிற்றைப் பார்த்தாள்.

"எண்ணேல்லை" என்றாள் இவள். "கூடவும் இருக்கும்."